பீர் வண்டி எந்தத் தெருவில் நிற்கலாம்?

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கடைவீதியில் ஒரு சிறிய பீர் ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஐம்பது பேர் உட்கார்ந்து குடிக்கும் கூடம். அதை அங்கே டேப்ரூம் என்கிறார்கள். பின்பக்கம் எஃகுத் தொட்டிகள். நகராட்சி அனுமதி கொடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன, பெரிய புகார் எதுவும் இல்லை. இப்போது ஆலைக்காரருக்கு ஓர் ஆசை: சுற்றுவட்டார உணவகங்களுக்கும் தன் பீரை மொத்த விலையில் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நடை வேன் போனால் போதும். இதற்காக அவர் நகரத் திட்டக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தகவல் போகிறது, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறிக்கிறார்கள். கூட்டத்தில் அந்த இரண்டு நடை வேனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு டேப்ரூமுக்கு வந்துபோகும் கார்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவை ஏற்கெனவே அனுமதி பெற்ற வகையைச் சேர்ந்தவை.

இந்த ஊர் கற்பனை. ஆனால் இப்படிப்பட்ட விண்ணப்பம் அமெரிக்க ஊர்களில் சாதாரணம். பொருளும் அதேதான், கட்டடமும் அதேதான். குடிக்க வருகிறவருக்கு விற்றால் அது உணவக வகை. கடைக்காரருக்கு அனுப்பினால் தொழிற்சாலை வகை, சில ஊர்களில் கிடங்கு வகை. வாங்குகிறவர் மாறியதும் நில உபயோகமே மாறிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது, இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பழக்கதோஷம் என்று பார்ப்பதே இக்கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நகராட்சி கேட்க வேண்டியது எந்த வண்டி, எந்த நேரம், எந்த வாசல் என்பதைத்தான். பீரை யார் வாங்குகிறார் என்பது அதன் கவலை ஆகாது.

1916-இல் நியூயார்க் நகரம் அமெரிக்காவின் முதல் முழுமையான மண்டல விதியை இயற்றியது. முந்தைய ஆண்டு எழுந்து நின்ற ஈக்விடபிள் கட்டடம் சுற்றுத் தெருக்களின் வெளிச்சத்தை மறைத்தது அதற்கு உடனடித் தூண்டுதல்களில் ஒன்று. 1920-களில் வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரின் துறை ஒரு மாதிரிச் சட்டத்தை அச்சிட்டு மாநிலங்களுக்கு அனுப்ப, ஊர் ஊராக மண்டல வரைபடங்கள் முளைத்தன. வீட்டுக்கு ஒரு நிறம், கடைக்கு ஒரு நிறம், ஆலைக்கு ஒரு நிறம். இதெல்லாம் அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதுதானா என்ற கேள்வி கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அம்ப்ளர் ரியல்டி என்ற நிறுவனம் 68 ஏக்கர் நிலம் வைத்திருந்தது. அதில் பெரும்பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்த விடாமல் விதி தடுத்ததால் விலை சரிந்துவிட்டது என்பது அதன் வழக்கு. 1926 நவம்பரில் நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து சொன்னதன் சாரம், நல்ல பொருளே ஆனாலும் தவறான இடத்தில் இருந்தால் தொல்லைதான் என்பது.

இந்த வருடங்களை இன்னொரு வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை அமெரிக்காவில் தேசிய மதுவிலக்கு. மண்டல விதிகள் நாடெங்கும் பரவிய காலமும், பீர் காய்ச்சுவது குற்றமாக இருந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. அன்று விதி எழுத உட்கார்ந்தவர்கள் முன்னால் சிறு பீர் ஆலை என்று ஒன்று இல்லை. அவர்கள் நினைவில் இருந்தது 1910-களின் ஆலை: நிலக்கரிக் கொதிகலன், புகைபோக்கி, குதிரை லாயம், உள்ளேயே வந்து நிற்கும் சரக்கு ரயில் பாதை. பின்னாளில் பட்டியல்கள் விரிந்தபோதும் அந்த நினைவே மிஞ்சியது. பல ஊர்களில் பீர் ஆலை கனரகத் தொழில் வரிசையில் போய்ச் சேர்ந்தது. நாலு தொட்டி வைத்துக் காய்ச்சுகிறவருக்கும் அதே வரிசைதான்.

மதுவிலக்கு போன பிறகு வந்த ஏற்பாடு இரண்டாவது முடிச்சைப் போட்டது. மதுவிலக்குக்கு முன்னால் பெரிய ஆலைகள் மதுக்கடைகளைத் தம் கைக்குள் வைத்திருந்தன. கடைக்கு மேசை நாற்காலியும் கடனும் கொடுத்து, தங்கள் பீரைத் தவிர வேறு விற்கக் கூடாது என்று கட்டிப்போட்டன. அந்தக் கதை மறுபடி நடக்கக் கூடாது என்று 1933-க்குப் பின் மாநிலங்கள் தொழிலை மூன்று அடுக்காகப் பிரித்தன. காய்ச்சுகிறவர் மொத்த வியாபாரிக்குத்தான் விற்கலாம், அவர் கடைக்காரருக்கு, கடைக்காரர் குடிப்பவருக்கு. அதிகாரத்தை மாநிலங்களிடம் ஒப்படைத்தது மதுவிலக்கை நீக்கிய 21-ஆம் அரசியல் சாசனத் திருத்தம் என்பதால் மாநிலத்துக்கு மாநிலம் இதன் உருவம் வேறு. மொத்த விற்பனையும் சில்லறையும் டாஸ்மாக் என்ற ஒரே பெயரில் அடங்கிவிடும் ஊரிலிருந்து பார்க்கிறவருக்கு, இரண்டுக்கும் நடுவே இவ்வளவு உயரமான சுவரா என்று தோன்றும்.

சுவரில் கதவுகளும் உண்டு. சிறு ஆலைகள் தங்கள் பீரைத் தாங்களே வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளுக்கு விற்கலாம் என்று பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. எவ்வளவு வரை என்பதில்தான் சண்டை. வட கரோலினாவில் ஆண்டுக்கு 25,000 பேரலுக்குக் கீழே இருக்கும் ஆலை மட்டுமே அப்படி விற்கலாம் என்று இருந்தது. பேரல் என்பது 31 அமெரிக்க காலன், சுமார் 117 லிட்டர். ஓர் அளவு வரை வளர்ந்த ஆலை ஒரே நாளில் தன் வேன்களை விற்றுவிட்டு மொத்த வியாபாரியைத் தேட வேண்டிய நிலை. ஓல்ட் மெக்லென்பர்க், நோடா என்ற ஷார்லட் நகரத்து ஆலைகள் 2017-இல் வழக்குத் தொடுத்தன. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1,00,000 பேரலுக்குள் விற்கும் ஆலை 50,000 பேரல் வரை தானே விநியோகிக்கலாம் என்று ஆனது. டெக்சஸ் 2013-இலேயே 40,000 பேரல் என்று ஒரு வரம்பு வைத்திருந்தது.

இந்த எண்களை நகராட்சி விதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விண்ணப்பதாரர்களே அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். மாநில உரிமம், இந்த வகை வியாபாரம் செய்ய உனக்குத் தகுதி உண்டு என்கிறது. நகர அனுமதி, இந்த மனையில் செய்யலாம் என்கிறது. முதலாவது கையில் இருந்தாலும் இரண்டாவது தானாக வராது. ‘மாநிலமே எனக்கு மொத்த விற்பனை உரிமை கொடுத்திருக்கிறது, நீங்கள் யார் கேட்க’ என்று திட்டக் குழு முன் வாதாடுகிறவர் அநேகமாகத் தோற்பார்.

நவீனச் சிறு ஆலைகளின் கதை 1976-இல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் தொடங்கிய நியூ ஆல்பியனோடு ஆரம்பிக்கிறது. வாடகைக் கிடங்கு, பழைய பாத்திரங்கள், சொந்தக் கையால் பற்றவைத்த குழாய்கள். 1982-இல் அது மூடப்பட்டது. 1980-இல் சிகோ நகரில் பால்பண்ணைத் தொட்டிகளை வாங்கிப் போட்டுத் தொடங்கிய சியரா நெவாடா இன்று நாடறிந்த நிறுவனம். இந்த முதல் தலைமுறையிடம் டேப்ரூம் கிடையாது. காய்ச்சியது முழுக்க வெளியே போனது. அவர்கள் தேடிப் போனதும் கிடங்குப் பகுதிகளைத்தான். ஆகவே மண்டலச் சிக்கல் பெரிதாக எழவில்லை.

சிக்கல் வந்தது காய்ச்சுவதும் பரிமாறுவதும் ஒரே கூரைக்குக் கீழே வந்தபோது. 1982-இல் கலிஃபோர்னியா அதை அனுமதித்தது, 1985-இல் ஓரிகன். காலியாகிக் கிடந்த நகர மையங்களுக்கு இந்த ‘ப்ரூபப்’ ஒரு வரம். நகராட்சிகள் அதை வரவேற்க விரும்பின, ஆனால் கனரகத் தொழில் வரிசையிலிருந்து எடுத்துக் கடைவீதியில் வைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ‘இது அடிப்படையில் உணவகம், காய்ச்சுவது துணைத்தொழில்’ என்பதே அந்தச் சாக்கு. ரொட்டிக்கடையின் பின்னால் அடுப்பு இருப்பதுபோல. துணைத்தொழில் என்றால் அது முக்கியத் தொழிலுக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும் என்பது மண்டலச் சட்டத்தின் பழைய கொள்கை. அடங்கியிருக்கிறது என்பதை எப்படி நிரூபிப்பது? வெளியே அனுப்பும் பீருக்கு உச்சவரம்பு வைத்து. காய்ச்சியதில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வெளியே போகக் கூடாது, அல்லது ஆண்டுக்கு இத்தனை பேரலுக்கு மேல் கூடாது என்று விதிகளில் வரிகள் ஏறின. அன்று கதவைத் திறக்க உதவிய வரி, பிறகு கதவை அடைக்கும் வரியானது.

தொழிலின் சொந்த அளவுகோலும் இதே சாயலில் இருக்கிறது. ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற தொழில் சங்கம், 15,000 பேரலுக்குக் குறைவாகக் காய்ச்சி, அதில் 75 சதவீதமாவது வெளியே விற்பதைச் சிற்றாலை என்கிறது. 25 சதவீதத்துக்கு மேல் இடத்திலேயே விற்பதை டேப்ரூம் ஆலை என்கிறது. புள்ளிவிவரம் தொகுக்க இது நல்ல பிரிவினை. இதை அப்படியே நில உபயோக விதிக்குள் தூக்கிப் போடுவது, எடையை அளக்கும் தராசையே உயரத்தை அளக்கவும் எடுப்பது போல.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஆண்டுக்கு 1,000 பேரல் காய்ச்சும் ஆலையை எடுத்துக்கொள்வோம். அது முழுவதையும் மொத்த விற்பனைக்கு அனுப்புவதாகக் கொள்வோம். கடைகளுக்குப் போகும் கெக் என்ற பெரிய எஃகுப் பீப்பாய் அரை பேரல் கொள்ளும். நிரம்பினால் சுமார் 73 கிலோ. ஆண்டுக்கு 2,000 கெக், வாரத்துக்கு 39. மொத்த எடை மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை டன் தாங்கும் வேன் ஒரு நடைக்கு இருபது கெக் ஏற்றும். வாரத்துக்கு இரண்டே நடை. சில்லறையாகப் பல கடைகளுக்குக் கொடுக்க வேண்டும், காலி கெக்குகளைத் திருப்பி எடுத்துவர வேண்டும் என்று தாராளமாகக் கூட்டினாலும் நாலைந்து நடைக்கு மேல் போகாது.

இப்போது அதே 1,000 பேரலை டேப்ரூமிலேயே விற்பதாகக் கொள்வோம். ஒரு பேரலில் 248 அமெரிக்க பைன்ட். ஆக 2,48,000 பைன்ட். ஒருவர் வந்தால் இரண்டு குடிக்கிறார், ஒரு காரில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்தால் ஆண்டுக்கு 62,000 கார்கள், வாரத்துக்கு ஏறக்குறைய 1,200. அதுவும் பெரும்பாலும் மாலையிலும் வார இறுதியிலும், அக்கம்பக்கத்தார் வீட்டில் இருக்கும் நேரத்தில். நடந்து வருகிறவர்கள், சைக்கிள்காரர்கள், மூன்று பைன்ட் குடிப்பவர்கள் என்று எப்படிக் கழித்தாலும் இரண்டு நடை வேனுக்குப் பக்கத்தில் கூட வராது. நகர விதி இந்த ஆயிரத்து இருநூறைச் சாதாரணம் என்கிறது. அந்த இரண்டைக் கனரகம் என்கிறது.

உள்ளே வரும் சரக்கு இரு வகையிலும் ஒன்றே. ஒரு பேரலுக்கு ஏறக்குறைய 25 கிலோ மூட்டை ஒன்று மால்ட், அதாவது முளைகட்டிய தானியம், தேவை. ஆயிரம் மூட்டை, பேலட்டுக்கு நாற்பது வீதம் ஆண்டுக்கு 25 பேலட். அதாவது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒரு லாரி. கரியமில வாயு உருளை, வெற்று டப்பா, துப்புரவு இரசாயனம் ஆகியவை அதற்கு மேலே. காய்ச்சி முடித்த சக்கை ஈரத்தோடு மால்ட்டைவிடக் கனமாக வெளியே வரும். அதை மாட்டுக்காரர் டிரெய்லரில் அள்ளிக்கொண்டு போவார். வெயில் காலத்தில் ஒரு நாள் தாமதித்தாலும் அது நாறும். உண்மையான புகார்கள் பலவும் இந்தச் சக்கைத் தொட்டியைப் பற்றித்தான் வரக்கூடியவை. பீர் மேசைக்குப் போனாலும் வேனுக்குப் போனாலும் சக்கை அதே சக்கை.

அப்படியானால் எதிர்ப்பவர்கள் எல்லாம் வீண் பிடிவாதக்காரர்களா? இல்லை. அவர்கள் தரப்பில் மூன்று விஷயங்கள் கனமானவை.

முதலாவது வண்டியின் அளவு. மேலே சொன்ன கணக்கு ஆலைக்காரரின் சொந்த வேனுக்கு. மூன்றடுக்கு முறையில் மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் அவருடைய லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். நடை குறையும், வண்டி பெரிதாகும். கடைவீதிக் கட்டடங்களில் பலவற்றுக்குச் சரக்கு ஏற்றும் மேடை கிடையாது. பின்சந்தில் திரும்ப இடமிருக்காது. ஆகவே லாரி தெருவில் இரட்டை வரிசையில் நிற்கும், ஃபோர்க்லிஃப்ட் நடைபாதையைக் குறுக்கே கடக்கும். மாநிலம் சொந்த விநியோகத்தை அனுமதிக்காத இடத்தில் இந்தப் பிரச்சினை கூடுதல் என்பது கவனிக்க வேண்டியது. மாநிலத் தலைநகரத்தில் போட்ட மதுச் சட்டம், சம்பந்தமே இல்லாத ஒரு தெருவில் எந்த நீள லாரி நிற்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. உள்ளூர் விதியை எழுதுகிறவர்கள் இந்த முடிச்சைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இரண்டாவது நேரமும் ஓசையும். உணவகங்கள் மதியத்துக்கு முன் சரக்கைக் கேட்கும். அதனால் காலை ஆறு மணிக்கே ஏற்ற ஆரம்பிப்பார்கள். எஃகுக் கெக் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம், பின்னோக்கி நகரும் வண்டியின் பீப் ஒலி, குளிரூட்டியை ஓடவிட்டு நிற்கும் லாரி. ஒரே வண்டியானாலும் ஆறு மணிக்கு ஒரு பாதிப்பு, பத்து மணிக்கு வேறு.

மூன்றாவதுதான் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசப்படாதது; ஆனால் திட்டக் குழுக்காரர்களின் மனதில் முன்னால் நிற்பது. நிபந்தனை அனுமதி என்பது பொதுவாக மனையோடு ஒட்டிக்கொள்ளும், ஆளோடு போகாது. இன்று விண்ணப்பிக்கிற நல்ல மனிதர் ஐந்து வருடம் கழித்து இடத்தை விற்றால், வாங்குகிறவர் அதே அனுமதியை வைத்துக்கொண்டு பத்து மடங்கு காய்ச்சலாம். வரம்பு எதுவும் எழுதாமல் ‘மொத்த விற்பனைக்கு அனுமதி’ என்று ஒரு வரியில் கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது லேசல்ல. பேரல் வரம்பும் சதவீத வரம்பும் இந்தப் பயத்திலிருந்து பிறந்தவை. பயம் நியாயமானது, எடுத்த கருவிதான் தவறு.

சதவீத வரம்பின் குறை மிகத் தெளிவாக வெளிப்பட்டது 2020-இல். மார்ச் மாதம் கொரோனா வந்து டேப்ரூம்கள் மூடப்பட்டன. மேசையில் விற்பனை பூஜ்யம் ஆனதும், டப்பாவில் அடைத்து வெளியே கொடுத்த கொஞ்ச நஞ்சமும் கணக்குப்படி நூறு சதவீதம் வெளி விற்பனை. மொத்தத்தில் முன்பைவிட வெகு குறைவாகக் காய்ச்சிய ஆலை, முன்பைவிட அதிகம் ‘தொழிற்சாலை’ ஆகிவிட்டது. பல மாநிலங்கள் மது விதிகளை அவசரமாகத் தளர்த்தின. ஆனால் விகிதம் இப்படித் தடுமாறக் கொள்ளைநோய் தேவையில்லை. கடுங்குளிர் மாதங்களில் கூட்டம் குறைந்தாலே இது நடக்கும். விகிதம் என்பது இரண்டு எண்களின் உறவு. தெருவில் நிற்கும் லாரிக்கு அந்த உறவு தெரியாது.

பேரல் வரம்பு அவ்வளவு மோசமில்லை. குறைந்தபட்சம் அது உண்மையான அளவைப் பேசுகிறது. ஒவ்வொரு ஆலையும் வரி கட்டுவதற்காகக் கூட்டாட்சி மது வரி அலுவலகத்துக்கு உற்பத்தி அறிக்கை கொடுப்பதால் எண்ணும் கிடைக்கும். ஆனால் நகராட்சிக் களப் பணியாளர் அதைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. வண்டியின் நீளம், ஏற்றும் நேரம், சொந்த மனைக்குள் ஏற்றுகிறார்களா தெருவிலா என்பதைத் தெருவில் நின்றே பார்த்துவிடலாம். தரைப்பரப்பை வரம்பாக வைப்பது இன்னொரு வழி. கட்டடம் வளராது, ஆகவே தொழிலும் ஓர் எல்லைக்கு மேல் வளராது. நியூயார்க் நகரம் 2024-இல் நிறைவேற்றிய பெரிய விதித் திருத்தம் இந்தப் பக்கம் சாய்கிறது: சிறு உற்பத்தி நிலையங்களைப் பரப்பளவுக்கு உட்பட்டு வணிக வீதிகளில் விடுகிறது. காப்பி வறுப்பவர், ரொட்டி சுடுபவர், மண்பாண்டம் வனைபவர், பீர் காய்ச்சுபவர் எல்லோரும் அதில் ஒரே இனம்.

விளைவை அளந்து விதி செய், பெயரைப் பார்த்துச் செய்யாதே என்ற யோசனை புதிதல்ல. 1951-இலேயே டென்னிஸ் ஓ’ஹாரோ என்ற திட்டவியலாளர் தொழில் மண்டலங்களுக்கு இதை முன்வைத்தார்: புகை, நாற்றம், அதிர்வு, ஓசை ஆகியவற்றுக்கு அளவு வையுங்கள், அந்த அளவுக்குள் எந்தத் தொழில் வந்தால் என்ன என்றார். பல நகரங்கள் தொழிற்பேட்டைகளுக்கு அதை ஏற்றன. கடைவீதிக்குள் அது வந்து சேரவில்லை. அங்கே பெயர்ப் பட்டியலே ஆள்கிறது. அளக்கக் கருவியும் ஆளும் வேண்டும், பட்டியலுக்கு ஒரு காகிதம் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

நடைமுறையில் விண்ணப்பதாரரை வாட்டுவது விதியின் தத்துவத்தைவிடக் காகிதங்களின் வரிசை. கூட்டாட்சி அலுவலகம் ஆலையின் இடத்தை விவரிக்கச் சொல்கிறது. இடம் வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். மாநில மது வாரியம் பொதுவாக, மண்டல விதிப்படி இந்த இடத்தில் செய்யலாம் என்ற உள்ளூர்ச் சான்றை எதிர்பார்க்கிறது. உள்ளூர்ச் சான்றுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம், அதற்கு முன்னறிவிப்புக் காலம், பிறகு மேல்முறையீட்டுக் காலம். ஒன்றும் காய்ச்சாமலே மாதக்கணக்கில் வாடகை போகும். அனுபவப்பட்டவர்கள், அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று வாடகைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்கிறார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள், இன்று தேவையில்லாவிட்டாலும் முதல் விண்ணப்பத்திலேயே மொத்த விற்பனையையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். பின்னால் தனியாகக் கேட்டால்தான் அது சந்தேகத்துக்குரிய விரிவாக்கமாகத் தெரிகிறது.

கிராமப்புறத்தில் இந்த வழக்கு வேறு பாதையில் போயிருக்கிறது. வர்ஜீனியாவில் திராட்சை மதுத் தோட்டங்கள் முதலில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய், உள்ளூர் நிர்வாகங்கள் தங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் குறைக்கச் செய்தன. 2014-இல் பீர் ஆலைகளுக்கும் அதே வழியில் ஒரு சட்டம் வந்தது. பண்ணையில் அமைந்து, தானியமோ ஹாப்ஸோ மற்ற விளைபொருளோ பயிரிட்டு, ஆண்டுக்கு 15,000 பேரலுக்கு மேல் காய்ச்சாத ஆலைக்குத் தனி உரிமம். அதோடு, உள்ளூர் நிர்வாகம் தலையிடக் கூடாத செயல்களைச் சட்டம் வரிசையாக எழுதிவைத்தது: பயிர் செய்வது, காய்ச்சுவது, அங்கேயே ஊற்றிக் கொடுப்பது, பீரைச் சேமித்துக் கிடங்கில் வைப்பது, உரிமம் பெற்ற மொத்த வியாபாரிகளுக்கும் வெளிமாநிலத்தாருக்கும் விற்று அனுப்புவது. நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த மொத்த விற்பனை வண்டியை, மாநிலமே பெயர் சொல்லி உள்ளூர்க் கையிலிருந்து எடுத்துவிட்டது.

தொழில்காரருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கருங்கல் ஜல்லிச் சாலை ஓரம் குடியிருப்பவருக்குக் கேட்க இடமில்லாமல் போயிற்று. கடைவீதியில் வேன் ஒரு பொருட்டல்ல. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய, வளைவில் எதிரே வருவது தெரியாத கிராமச் சாலையில் ஒரு லாரியும் ஒரு பொருட்டுதான். அங்கே சனிக்கிழமை வரும் கார் வரிசை அதைவிடப் பெரிய பொருட்டு. வாஷிங்டன் நகரத்துக்கு மேற்கே, லவுடன் மாவட்டத்தில் பண்ணை ஆலைகளைச் சுற்றிய பூசல்கள் பெரும்பாலும் கூட்டம், இசை, போக்குவரத்து பற்றியவையே. ‘வேளாண்மை’ என்ற நாற்காலியில் உட்காரவைத்து ஒரு தொழிலைக் காப்பாற்றுவதும், ‘கனரகம்’ என்ற நாற்காலியில் உட்காரவைத்து விரட்டுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டிலும் யாரும் சாலையின் அகலத்தை அளக்கவில்லை.

தலைகீழான கதை ஒன்றும் உண்டு. ஆலை அசையாமல் இருக்க, மண்டலம் அதைச் சுற்றி மாறிய கதை. முன்னாள் பத்திரிகையாளர் ஸ்டீவ் ஹிண்டியும் வங்கி அலுவலர் டாம் பாட்டரும் 1980-களின் இறுதியில் தொடங்கிய ப்ரூக்ளின் ப்ரூவரி, ஆரம்பத்தில் பீரை யூட்டிகா நகரத்தில் வேறொருவர் ஆலையில் காய்ச்சி வாங்கியது. ப்ரூக்ளினில் அதற்கு இருந்தது கிடங்கும் லாரிகளும்தான். தங்கள் பீரைத் தாங்களே கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிறகு மற்றச் சிறு ஆலைகளின் பீரையும் சேர்த்து ஏற்றினார்கள். சில காலம் விநியோகமே அவர்களுடைய உண்மையான தொழில் என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. 1996-இல் வில்லியம்ஸ்பர்க்கில் ஆலை திறந்தபோது அந்த வட்டாரம் கிடங்குகளும் பட்டறைகளும் நிறைந்த தொழில் மண்டலம். லாரி நின்றால் கேட்பாரில்லை. 2005-இல் நகரம் கிரீன்பாயின்ட்–வில்லியம்ஸ்பர்க் ஆற்றங்கரையை மறுமண்டலப்படுத்தி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் திறந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறியது. ஆலையால் கவர்ச்சி பெற்ற வட்டாரத்தில் ஆலையின் லாரி வேண்டாத விருந்தாளி ஆவது இப்படித்தான். விநியோகத் தொழிலை அவர்கள் அதற்கு முன்பே, 2003-இல், விற்றுவிட்டிருந்தார்கள்.

ஆக விதியை எழுதுகிறவர்கள் இன்று என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்தவரை நல்ல அனுமதிகள் நீளமாக இருப்பதில்லை. இன்ன நீளத்துக்கு மேற்பட்ட வண்டி கூடாது. காலை ஏழுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் ஏற்றக் கூடாது. ஏற்றுவது மனைக்குள்ளேயோ நகரம் குறித்த ஏற்றுமிடத்திலேயோதான். நிற்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது. சக்கை மூடிய தொட்டியில் இருக்க வேண்டும், இத்தனை மணிக்குள் அகற்ற வேண்டும். எத்தனை பேரல், எத்தனை சதவீதம் என்ற வரிகள் இல்லாமலே அடுத்த உரிமையாளரைப் பற்றிய பயத்துக்கும் இது பதில் சொல்கிறது. சின்ன வேனாலும் பகல் நேரத்தாலும் கட்டுப்பட்ட மனையில் எவர் வந்தாலும் ஓர் அளவுக்கு மேல் பெருக முடியாது. பெருக வேண்டுமானால் தொழிற்பேட்டைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆலைகள் அப்படிப் போகவும் செய்கின்றன. கடைவீதியில் டேப்ரூம், ஊர் எல்லையில் பெரிய தொட்டிகள் என்று இரண்டாகப் பிரிவது இன்று வழக்கமான வளர்ச்சிப் பாதை.

பெயர்ப் பட்டியல் எவ்வளவு தூரம் தடுமாறும் என்பதற்கு மிகச் சிறியவர்களின் நிலை நல்ல சான்று. குடியிருக்கும் வீட்டுக்குள் பீர் ஆலை கூடாது என்பது கூட்டாட்சி விதி. ஆனால் வீட்டிலிருந்து பிரிந்து நிற்கும் கார் கொட்டகையில் அனுமதி வாங்கியவர்கள் உண்டு. உள்ளூரில் அது வீட்டுத்தொழில் விதிக்குள் வருகிறது. அந்த விதிகளின் பொதுவான நோக்கம் வாடிக்கையாளர் வாசலுக்கு வரக் கூடாது என்பது. எனவே டேப்ரூமுக்கு வழியே இல்லை. அவர் செய்யக்கூடிய ஒரே வியாபாரம் மொத்த விற்பனை. தன் பிக்கப் வண்டியில் நாலு கெக்கைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்து உணவகத்தில் இறக்குகிறார்; குடியிருப்புத் தெருவில் அது தொல்லையாகக் கருதப்படுவதில்லை. அதே மனிதர் கொஞ்சம் பணம் சேர்த்துக் கடைவீதியில் இடம் பிடித்து, ஐம்பது நாற்காலி போட்டால், நாற்காலிகளுக்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கும். அந்த நாலு கெக்குக்குத்தான் அக்கம்பக்கத்துக்குக் கடிதம் போகும்.